கப்பலேறும் பட்டம் எது?

கையேட்டின் அட்டையில் ஒரு பெண் விமான நிலையக் கண்ணாடிச் சுவரருகே நின்றிருந்தாள். கோட்டு, சூட்கேஸ், தூரத்தில் எதையோ பார்த்து ஒரு சிரிப்பு. உள்ளே 'பி.பி.ஏ. இன்டர்நேஷனல் பிசினஸ்' என்று தங்க எழுத்துகள். கட்டணம் மட்டும் கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடவேண்டிய அளவில் இருந்தது: வருடத்துக்கு நாலரை லட்சம். விடுதிக்குத் தனி. 2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டெல்லி ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் என் அக்கா வீட்டில் இட்லித் தட்டுகளுக்கு நடுவே இந்தக் கையேடு கைமாறிக்கொண்டிருந்தது.

அக்கா மகள் பிளஸ் டூ. வணிகப் பிரிவு, கூடவே கணிதம். சர்வதேச வணிகத்தில் வேலை பார்ப்பது என்று பத்தாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டாள். அது என்ன வேலை என்று கேட்டால், "நாலு நாட்டு ஆட்களோட பேசற வேலை" என்பாள். அத்தானுக்கு இந்தக் கையேடு பிடித்திருந்தது. வேலையின் பெயரே பட்டத்தின் பெயராகவும் இருக்கிறதே, இதைவிட என்ன வேண்டும் என்பது அவர் வாதம். ஊரில் இருக்கும் இரண்டு ஏக்கரை வைத்துக் கடன் வாங்கலாம் என்றும் யோசித்திருந்தார். அக்காவின் தேர்வு பி.காம்., பிறகு சி.ஏ. யாருடைய தேர்வாகவும் இல்லாத ஒன்றை மகள் மனதில் வைத்திருந்தாள். ஸ்பானிய மொழியில் பி.ஏ. ஆனர்ஸ்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்திரிகைக்காரிக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை குடும்பங்களில் இன்னும் மிச்சமிருக்கிறது. "ஸ்பானிஷ் வேண்டாம்" என்றேன், கொஞ்சம் வேகமாகவே.

அவள் சட்னியைத் தள்ளி வைத்தாள். "நீங்க தமிழ் படிச்சீங்க இல்ல சித்தி? உங்கள யாராவது தடுத்தாங்களா?"

தடுத்தார்கள். மதுரையில் நான் எம்.ஏ. தமிழில் சேர்ந்தபோது என் அப்பா மூன்று வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அவள் கேட்டது அதையல்ல. படித்ததற்காக நீங்கள் வருத்தப்படுகிறீர்களா என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில், அத்தான் முன்னால், பதில் சொல்ல நான் தயாராக இல்லை.

கடல் கடந்த வேலை எதற்கும் தொடக்கம் நம் நாட்டில் ஒரு இணையப் படிவம்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் முதலில் சேர்ந்துவிட்டு, ஒன்றிரண்டு வருடம் பல வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்த பிறகு, இதுதான் என் 'மேஜர்' என்று அறிவிப்பது வழக்கம். அந்தச் சொல்லை மொழிபெயர்க்க நான் பல தடவை திணறியிருக்கிறேன். 'முதன்மைப் பாடம்' என்று எழுதுவேன். எழுதிவிட்டு, நம் வாசகருக்கு இது எப்படிப் புரியும் என்று யோசிப்பேன். இங்கே பாடம்தான் பட்டம், பட்டம்தான் கல்லூரி. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 'க்யூட்' நுழைவுத்தேர்வு வந்துவிட்டது. அதே ஆண்டு டெல்லிப் பல்கலைக்கழகம் நான்கு வருடப் படிப்பைக் கொண்டுவந்து, மூன்றாம் வருடத்தோடு பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பவும் வழி வைத்தது. பிற துறைப் பாடங்களையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் கல்லூரியையும் பாடத்தையும் சேர்த்து வரிசைப்படுத்திக் கொடுப்பது பதினேழு வயதில், ஒரு வகுப்பில்கூட உட்கார்ந்து பார்க்காமல்தான்.

சில கதவுகள் அதற்கும் முன்னாலேயே சாத்தப்படுகின்றன. எங்கள் அடுக்கத்தில் ஒரு பையன் பதினோராம் வகுப்பில் கணிதத்தை விட்டுவிட்டு ஓவியம் எடுத்தான். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்சுக்குக் கணிதம் கட்டாயம் என்பது அவன் அம்மாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு பாதியில்தான் தெரிந்தது. நல்ல பையன். நன்றாகவும் வரைகிறான். ஆனால் அந்த வீட்டில் இப்போது கணிதம் என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை.

அன்று மதியம் அக்கா மகளைத் தனியாக அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பதினான்கு வருடமாக வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒரு கதையை அவளிடம் சொன்னேன்.

2011. டெல்லிக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பகலில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலை. வாடகைக்கும் சம்பளத்துக்கும் இடையே இருந்த பள்ளத்தை நிரப்ப, அவ்வப்போது வெளிவேலை. ஓக்லாவில் ஒரு பையிங் ஹவுஸ், அதாவது வெளிநாட்டு வியாபாரிகளுக்காக இங்கே ஆடை வாங்கித்தரும் அலுவலகம், என்னை உரைபெயர்ப்புக்குக் கூப்பிட்டது. திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி முதலாளி வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பத்தாவதுவரை படிப்பு. துணியை விரலிடையில் வைத்துத் தேய்த்தே அதன் எடையைச் சொல்லிவிடக் கூடியவர். எதிரே ஸ்பெயினிலிருந்து வந்திருந்த ஒரு நபர். அவர் ஆங்கிலம் அவருக்கும் இரண்டாம் மொழி. நடுவில் நான்.

விலை, நிறம், தையல் எல்லாம் பேசி முடித்த பிறகு ஸ்பெயின்காரர் கேட்டார்: மே 20க்குள் சரக்கு கப்பலேறிவிடுமா?

முதலாளி ஒரு கணம் மேஜையைப் பார்த்தார். "பாத்துக்கலாங்க" என்றார்.

கொங்கு நாட்டுக்காரர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். நான் மதுரைப் பக்கம். 'பார்த்துக்கொள்கிறோம், கவலை வேண்டாம்' என்று அர்த்தப்படுத்திக்கொண்டு, உறுதியான ஆங்கிலத்தில் அப்படியே சொன்னேன். ஸ்பெயின்காரர் தேதியைக் குறித்துக்கொண்டார். காபி வந்தது.

அந்த வருடம் ஜனவரி கடைசியில்தான் நொய்யல் மாசுபாட்டு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டிருந்தது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டு, சாயமேற்ற வேண்டிய துணியை லாரியில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமில்லை. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதியவளே நான்தான். ஆனால் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் அந்த ஒரு கணத் தயக்கத்தையும் நான் மொழிபெயர்த்த செய்தியையும் என் மூளை சேர்த்துப் பார்க்கவில்லை. அவர் சொன்னது, 'சாயம் எங்கே கிடைக்கும் என்றே தெரியவில்லை, முயன்று பார்க்கிறேன்' என்பது. நான் சொன்னது ஒரு வாக்குறுதி.

இரண்டு வாரத்தில் லெட்டர் ஆஃப் கிரெடிட் வந்தது. இதைப் பற்றி அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு வெட்கத்தோடு படித்துத் தெரிந்துகொண்டேன். வாங்குபவரின் வங்கி விற்பவருக்குக் கொடுக்கும் உறுதிமொழி அது: கேட்ட ஆவணங்களைக் கேட்டபடி கொண்டுவந்தால் பணம் தருகிறேன். இதில் வங்கி சரக்கைப் பார்ப்பதே இல்லை. பெட்டிக்குள் பனியன் இருக்கிறதா, பஞ்சு இருக்கிறதா என்பது அதன் கவலையில்லை. காகிதம் மட்டுமே பார்க்கும். பாரிசிலுள்ள சர்வதேச வணிகச் சங்கம் வகுத்த விதிமுறை இதற்கு உண்டு. 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 'யு.சி.பி. 600' என்ற பதிப்புதான் இன்றும் வழக்கில் உள்ளது. காகிதங்களைப் பரிசீலிக்க வங்கிக்கு ஐந்து வேலைநாள். ஒரு தேதி தவறியிருந்தால் போதும், பணம் தர மறுக்கலாம்.

அந்த எல்.சி.யில் கடைசிக் கப்பலேற்றத் தேதி மே 20. சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறியது 26ஆம் தேதி. கப்பல் ரசீதில் அந்தத் தேதியை மறைக்க முடியாது. ஸ்பெயின் வங்கி முரண்பாடு என்று எழுதி அனுப்பியது. சரக்கோ கடலில் போய்க்கொண்டிருந்தது. வாங்குபவர் எட்டு சதவிகிதம் தள்ளுபடி கேட்டார், இல்லாவிட்டால் எடுக்கமாட்டேன் என்றார். முதலாளியின் லாபமே ஏறக்குறைய அவ்வளவுதான். கொடுத்தார்.

நான் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "உங்க மேல தப்பில்லீங்க அம்மிணி. நாந்தான் வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்லியிருக்கோணும்" என்றார். எல்.சி. கையில் வந்த அன்றே தேதியைத் திருத்தக் கேட்டிருக்கலாமாம். சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டால் தேதியை மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது. அங்கேயும் முடியாது என்று சொல்லக் கூச்சம். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கதையைக் கேட்டுவிட்டு அக்கா மகள் கொஞ்ச நேரம் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு மொழி தெரிஞ்சுது, எல்.சி. தெரியல. அவருக்கு எல்.சி. தெரிஞ்சுது, மொழி தெரியல. அந்த ரூம்ல ரெண்டும் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா சித்தி?"

இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பேசியது வேறு மாதிரி இருந்தது. பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, அந்த அறையில் என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்று பட்டியல் போட்டோம். விலை சொல்ல அடக்கவிலைக் கணக்கு தெரியவேண்டும். எஃப்.ஓ.பி. என்றால் கப்பலில் ஏற்றும்வரை செலவும் பொறுப்பும் விற்பவருடையது, சி.ஐ.எஃப். என்றால் சேருமிடம் வரைக்குமான கப்பல் கட்டணமும் காப்பீடும் அவர் தலையில். 1936இல் முதலில் வெளியான இந்த 'இன்கோடெர்ம்ஸ்' சொற்கள் இப்போது 2020 பதிப்பில் பதினொன்று. ஒன்றைத் தவறாகப் போட்டால் லாபம் கடலோடு போகும். ஒப்பந்தச் சட்டம், அந்நியச் செலாவணி, பிறகு சரக்கு. முக்கியமாகச் சரக்கு.

இங்கே ஒரு கிளைக்கதை. எம்.ஏ.வில் நிகண்டுகள் படித்தபோது சேந்தன் திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளை மனப்பாடம் செய்து சபித்திருக்கிறேன். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று உலகத்தையே இனம் பிரித்து அடுக்கும் வேலை. பல வருடம் கழித்து, 1988 முதல் உலக நாடுகள் சுங்கத்துக்குப் பயன்படுத்தும் ஹார்மனைஸ்டு சிஸ்டம் பட்டியலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதுவும் நிகண்டுதான். முதல் அத்தியாயம் உயிருள்ள விலங்குகள். 97ஆம் அத்தியாயம் கலைப்பொருட்களும் தொல்பொருட்களும். பின்னல் துணி ஆடை 61இல், நெய்த துணி ஆடை 62இல். டி-ஷர்ட் என்றால் 6109. எந்த எண் என்பதைப் பொறுத்து வரி மாறும். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினச் சுங்க ஊழியர்கள் மூட்டைகளில் புலி முத்திரை குத்தியபோது அவர்களிடமும் இப்படி ஏதாவது ஒரு வகைப்பாடு இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். என் பேராசிரியரிடம் சொன்னால் ஆதாரம் கேட்பார்.

பி.பி.ஏ. இன்டர்நேஷனல் பிசினஸை நான் மட்டமாக நினைக்கவில்லை. ஏற்றுமதி நடைமுறை ஒரு தாள், செலாவணி ஒரு தாள், சந்தையியல் ஒரு தாள் என்று எல்லாவற்றையும் தொட்டுக்காட்டும். குடும்பத்தில் ஏற்கெனவே ஏற்றுமதித் தொழில் இருக்கும் பிள்ளைக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம். மற்றவர்கள் எப்படியும் மேற்படிப்புக்குப் போகவேண்டியிருக்கும். போனால் இதே தாள்களை மறுபடி படிக்கவேண்டும். 1963இல் மத்திய அரசு தொடங்கிய இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனம் இதே டெல்லியில்தான் இருக்கிறது. சர்வதேச வணிகத்தில் எம்.பி.ஏ. தரும் அந்த இடத்தில் நுழைய எந்தத் துறையில் பட்டம் வாங்கியிருந்தாலும் சரி. ஆக முதல் பட்டத்துக்கு அந்தப் பெயர் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. இதை நான் சொன்னபோது அத்தான் முகத்தில் இரண்டு ஏக்கர் திரும்பி வந்த நிம்மதியும் கையேட்டைக் கைவிடும் வருத்தமும் சேர்ந்து தெரிந்தன.

பொருளாதாரம் ஆழமான படிப்பு. ரூபாய் ஏன் விழுகிறது என்பதை அதைவிட நன்றாக எதுவும் சொல்லித்தராது. விழுந்த ரூபாயில் ஒரு பில்லை எப்படிப் போடுவது என்பதைச் சொல்லித்தராது. ஜவுளித் தொழில்நுட்பமோ தோல் தொழில்நுட்பமோ படித்தவர்கள் சரக்கைத் தெரிந்தவர்கள். வியாபாரத்தில் அவர்களை ஏமாற்றுவது கஷ்டம். அக்கா மகள் இயற்பியல் எடுக்காததால் அந்த வழி இல்லை.

மொழி? ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பான், சீனம், கொரியம், ஸ்பானியம் என்று பல மொழிகளில் பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம். ஸ்பானியத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடுகள் இருபது. அதில் ஒழுங்காகப் படித்து வருபவர்களுக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் மொழி மட்டும் படித்தவளை வியாபாரிகள் அறைக்குள் கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள், பேச்சு முடிந்ததும் வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். கணக்கைக் காட்டமாட்டார்கள். இருபது வருடமாக நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அது. காலையில் அவளுக்குச் சொல்லாத பதிலை மாடியில் இந்த இடத்தில்தான் சொன்னேன். தமிழ் படித்ததில் எனக்கு வருத்தமில்லை. தமிழோடு வேறு எதையும் படிக்காமல் விட்டதில் உண்டு.

ஜூலையில் விருப்பப் பட்டியல் போட்டபோது முதல் இருபத்திரண்டு இடங்களிலும் பி.காம். ஆனர்ஸ். அதற்குக் கீழே ஸ்பானியம், "அதிர்ஷ்டம் இல்லாம போனா" என்று அவளே சேர்த்தது. பெயர்பெற்ற கல்லூரி எதுவும் கிடைக்கவில்லை. பத்தொன்பதாவது இடத்தில் இருந்த பி.காம். கிடைத்தது. சனிக்கிழமைகளில் கன்னாட் பிளேஸ் அருகிலுள்ள செர்வாண்டஸ் நிலையத்தில் ஸ்பானிய வகுப்பு, ஏ1 நிலையிலிருந்து. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வருடச் செலவு அந்தக் கையேட்டின் ஒரு மாதக் கட்டணத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று அத்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். வங்கிக் கடன் விண்ணப்பம் டீபாயின் அடித்தட்டுக்குப் போய்விட்டது.

அந்த வருடம் ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகக் கழிந்து, ஆகஸ்ட் 27 அன்று, இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவிகிதத்தைத் தொட்டது. மறுநாள் காலை அத்தான் அழைத்தார். "ஏம்மா, பார்த்தியா? ஒரு கையெழுத்து, மொத்தமும் காலி. இதுக்கா பிள்ளையப் படிக்க வைக்கிறோம்?"

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பல வருடம் கழித்துத் திருப்பூர் முதலாளிக்குத் தொலைபேசினேன். அவருக்கு அமெரிக்கச் சரக்கு குறைவு, பெரும்பாலும் ஐரோப்பா. பக்கத்துக் கம்பெனிகளில் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றார். "லண்டன் ஒப்பந்தம்ங்கறாங்க, வரி குறையும்ங்கறாங்க. இந்த நாட்டு நூலு, இந்த நாட்டுத் துணின்னு காட்டுனாத்தான் சலுகையாமா. அந்தக் காகிதமெல்லாம் படிச்சுச் சொல்றதுக்கு ஆளு வேணுமுங்க" என்றார். பிறகு, நான் எதற்காக அழைத்தேன் என்று கேட்டார்.

அக்கா மகளைப் பற்றிச் சொன்னேன். பி.காம். முதல் வருடம், டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா, சம்பளமெல்லாம் வேண்டாம், தங்குவதற்கு மட்டும் பாதுகாப்பான இடம் வேண்டும். அக்காவும் அவளும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுமுனையில் ஒரு கணம் சத்தமில்லை. "பாத்துக்கலாங்க" என்றார்.

அவள் என் கையைப் பிடித்தாள். ஆமாம் என்கிறாரா, இல்லை என்கிறாரா என்று உதடசைத்துக் கேட்டாள். பதினான்கு வருடம் கழித்து இந்தத் தடவை நான் அவரிடமே திருப்பிக் கேட்டேன். "உறுதிங்களா? சங்கடம்னா சொல்லிடுங்க."

அவர் சிரித்துவிட்டார். வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டு சாயங்காலம் சொல்வதாகச் சொன்னார். ஏழு மணிக்கு அவருடைய மனைவியே அழைத்தார். மாடி அறை காலியாக இருக்கிறது, பிள்ளைக்குக் காரம் ஆகுமா என்று கேட்டார். கேரளா எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டோம். பெட்டியில் துணிமணிக்கு மேலே அவள் வைத்துக்கொண்டது ஒரு ஸ்பானிய அகராதியும், பையிங் ஹவுஸ் காலத்தில் நான் குறிப்பெழுதிய பழைய நோட்டும். அதில் எல்.சி. என்ற எழுத்துகளுக்கு எதிரே 2011இல் நான் போட்ட கேள்விக்குறி அப்படியே இருக்கிறது.